சூடறியாத கை

தம்பிக்கு வியர்ப்பதில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவள் அவன் மனைவி. அரபு நாட்டிலிருந்து அவன் திரும்பி வந்து பத்து நாள் இருக்கும். காலையிலேயே என் வீட்டுக்கு வந்தவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தாள்.

"மதினி, ஒரு கதை. ஆருக்கிட்டயும் சொல்லிராதீங்க. இவருக்கு வேர்க்குதில்ல."

"நல்லந்தானே புள்ள. உடுப்புக் கழுவுற வேல கொறையும்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் பட்டதும் கொஞ்சமில்லை.

"பகிடி இல்ல மதினி. கரண்ட் போய் ஃபேன் நிண்டா எனக்கும் புள்ளைக்கும் தலாணி நனைஞ்சிரும். அவருட தலாணி காஞ்சபடி கிடக்கு. மேலத் தொட்டுப் பாத்தன். வெயில்ல கிடந்த கூர ஓட்டத் தொட்ட மாதிரி இரிக்கி."

அன்று நடுப்பகல் லுஹர் தொழுத கையோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சித்திரை வெயில். அந்த நேரத்தில் சாய்ந்தமருதுத் தெருக்களில் நாய்கூட நிற்காது. தம்பி வளவின் நடுவே வெறும் மணலில் பிளாஸ்டிக் கதிரை ஒன்றைப் போட்டு உட்கார்ந்திருந்தான். ஐந்தடி தள்ளி மாமரம் நல்ல நிழலோடு நின்றது. அவன் கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்ப்பதாகத் தெரியவில்லை. நான் கேற்றைத் திறந்த சத்தத்துக்கும் திரும்பவில்லை. கிட்டப் போய்க் கதிரையின் கைப்பிடியைத் தொட்டவள் கையை உதறிக்கொண்டேன். அவன் அதே கைப்பிடியில்தான் முழங்கையை ஊன்றியிருந்தான்.

"நிழலுக்க வந்து இரிடா."

"இஞ்ச என்ன ராத்தா வெயில்?" என்றான், உண்மையாகவே விளங்காதவன்போல.

எனக்குப் பயம் வந்தது. பயப்படக் காரணமும் இருந்தது. அவன் வருவதற்குச் சில மாதம் முன்னால், அங்கே அவனோடு ஒரே அறையில் இருந்த மருதமுனைக்காரர் ஒருவர் விடுமுறையில் வந்து என்னைத் தேடிப் பிடித்தார். தம்பி எங்களிடம் மறைத்த ஒன்றைச் சொன்னார். கட்டட வேலையில் கம்பி கட்டிக்கொண்டிருந்த இடத்தில் தம்பி நடுப்பகலில் விழுந்திருக்கிறான். இரண்டு நாள் நினைவே இல்லை.

"விழுறத்துக்கு முந்தி அவர் என்ன சொன்னவர் தெரியுமா தங்கச்சி? குளிருது எண்டார். வெயில் கொளுத்துது, கம்பியத் தொட ஏலா. இவர் ரெண்டு கையையும் கக்கத்துக்க வெச்சிக்கிட்டு குளிருது எண்டார். நாங்க சிரிச்சம். அல்லாஹ் எங்கள மன்னிக்கணும்."

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் செய்வது. வாப்பா முன்னமே மௌத்தாகிவிட்டதால் என் வீட்டைக் கட்டியவன் தம்பி. பத்தொன்பது வயதில் கடல் கடந்து போய், அந்த வெயிலில் நின்று கட்டினான். தலைக்கு மேலே கொங்கிறீற் பிளேட் போட்ட வீடு. பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துக்கொண்டு கிடக்கும் அந்தப் பிளேட், பொழுது சாய்ந்த பிறகு மெல்ல மெல்ல அதைக் கீழே இறக்கும். எல்லா வீட்டிலும் அப்படித்தான், சீமெந்தின் குணம் என்பார் என் கணவர். எனக்கு மட்டும் அது எங்கள் ஊர் வெயிலாகத் தோன்றியதில்லை. எங்கோ தூரத்தில் அவன் முதுகில் பட்டது வந்து என் முகத்தில் இறங்குகிறது என்றே படும்.

இப்போது அவனுக்கும் ஒரு மகள். அவளுக்கும் ஒரு நாள் வீடு வேண்டும். என்றாலும் இந்த முறை அவனே ஒரு முடிவோடு வந்திருந்தான். வாப்பா விட்டுப்போன வயலைக் கோடைச் சிறுபோகத்துக்குத் தானே விதைப்பது. விளைந்தால் ஊரோடு இருந்துவிடுவது, விளையாவிட்டால் திரும்பிப் போவது. திரும்பிப் போனால் உயிரோடு வரமாட்டான் என்று என் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தப் போகத்தில் நெல்லுக்கென்று நான் கேட்ட துஆவெல்லாம் அவன் உயிருக்குக் கேட்டவைதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் தொழிலே சூடுதான். பல்கலைக்கழகமொன்றின் ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை. ஆய்வு செய்கிறவர்கள் சொல்லும் சூட்டில் நெல் நாற்றுகளை வெந்நீர்த் தொட்டியில் வைக்க வேண்டும். எது செத்தது, எது தப்பியது என்று எழுத வேண்டும். வேர்நுனியைச் சீவி நுணுக்குக்காட்டிக்குத் தயார்பண்ணிக் கொடுக்க வேண்டும். சம்பளத்துக்குக் கொலை செய்கிறவள் என்று என் கணவர் பகிடி பண்ணுவார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கண்ட ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டு தட்டு நாற்று, ஒரே நெல், ஒரே நாளில் முளைத்தவை. ஒன்றை நேரே கொல்லும் சூட்டில் வைத்தேன். மற்றதை முதலில் கொஞ்ச நேரம் அதைவிடக் குறைந்த சூட்டில் வைத்து ஆறவிட்டு, மறுநாள் அதே கொல்லும் சூட்டில் வைத்தேன். வெளியே எடுத்தபோது இரண்டும் அவித்த கீரையாகத்தான் கிடந்தன. எறிய மறந்து வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை கதவைத் திறந்தால் இரண்டாவது தட்டு எழும்பி நிற்கிறது. ஒவ்வொன்றாக நிமிர்ந்து, எல்லாம் ஜன்னல் பக்கமே சாய்ந்து, யாரையோ எதிர்பார்ப்பவைபோல நின்றன. கபுறுக் குழிக்குள் வைத்தவை எழும்பி நின்றால் எப்படி இருக்கும்? நான் பிஸ்மி சொல்லிக் கதவைத் திரும்பச் சாத்திவிட்டேன்.

பிறகுதான் காரணத்தைப் படித்தேன். கலத்துக்குள்ளே இருக்கும் புரதங்கள் ஒவ்வொன்றும் தன் மடிப்பில் இருந்தால்தான் வேலை செய்யும். சூடு பட்டால் மடிப்புக் குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, முட்டை அவிந்த மாதிரிக் கட்டியாகிவிடும். கலத்தின் வடிவத்தைத் தாங்கி நிற்கும் நுண்ணிய இழைகளும் அறுந்துவிடும். ஆனால் கொஞ்சம் சூடு கண்டு தப்பிய கலம், தகைப்புப் புரதங்கள் என்கிற காவல்காரர்களை அவசரமாகச் செய்து வைத்துக்கொள்கிறது. பெரிய சூடு வரும்போது, குலையப்போகும் புரதங்களை அவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள், இழைகளைத் தாங்கிக்கொள்கிறார்கள். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் முதல் தட்டுக் கலத்துக்குள் வலை அறுந்து குவிந்து கிடந்தது. இரண்டாவதில் வலை வலையாகவே இருந்தது.

இதற்கு ஒரு மறுபாதி உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். தம்பிக்கும் பிறகு சொல்லலாம் என்றுதான் அவன் கேட்ட அன்று நினைத்தேன்.

விதைநெல்லை என் வளவில்தான் ஊறப்போட்டோம், என் கிணறு வற்றாது என்பதால். ஊறிய நெல்லை வடித்துச் சாக்கில் கட்டி, வைக்கோலால் மூடி, மேலே பாரம் வைப்பது முறை. உள்ளே இருட்டில் நெல் மூச்சுவிடத் தொடங்கும், மூட்டை சூடேறும். அளவான சூட்டில் முளை வெள்ளையாக எட்டிப் பார்க்கும். அளவு மிஞ்சினால் அவிந்துவிடும். அதனால் அடிக்கடி உள்ளே கையை விட்டுச் சூடு பார்த்து, தண்ணீர் தெளித்துக் கிளறிவிட வேண்டும். எங்கள் குடும்பத்தில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. விதைக்கப் போகிறவர் கை மட்டும்தான் மூட்டைக்குள் போகலாம். வேறு கை பட்டால் முளை கூசும் என்பார் வாப்பா. ஆய்வுகூடத்துப் பழைய வெப்பமானி ஒன்று என் கைப்பையில்தான் கிடந்தது. படித்தவள் என்று பெயர். ஆனாலும் அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தம்பி காலையும் மாலையும் வந்து, பிஸ்மி சொல்லி, முழங்கைவரை கையை விட்டுப் பார்த்தான். "சூடில்ல ராத்தா. இன்னும் கிடக்கட்டும்" என்றான்.

நாங்களும் தலையாட்டினோம். கதிரையின் சூடு தெரியாத கை அது. எனக்கும் தெரியும், அவன் மனைவிக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்க ஒருத்திக்கும் தோன்றவில்லை. விதைக்கிறவன் கை சொன்னால் சொன்னதுதான் என்று இருந்துவிட்டோம்.

இரண்டாம் நாள் பின்னேரம், அஸர் நேரம், வளவில் ஒரு வாடை எழுந்தது. புளித்த சோற்று வாடை, அதற்கடியில் இனிப்பாக இன்னொன்று. வைக்கோலுக்கு மேலே காற்று நெளிந்துகொண்டிருந்தது. எப்போதும் நெல்லைச் சுற்றித் திரியும் கோழிகள் அன்று மதிலோரமாக ஒதுங்கி நின்றன. நான் வழக்கத்தை மறந்து கையை உள்ளே விட்டேன், விட்ட வேகத்தில் வெளியே இழுத்தேன். வெப்பமானியைச் செருகிப் பார்த்தால், நான் நாற்றுகளைச் சாகடிக்கும் சூட்டுக்குக் கிட்டப் போய் நின்றது.

போன் பண்ணினேன், தம்பி ஓடி வந்தான். "எங்க சூடு?" என்று தோள்வரை கையை விட்டான். எடுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், அவன் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. உள்ளே இருட்டுக்குள் யாரோ அவன் கையைப் பற்றியிருப்பது போலவும், அவனுக்கும் விட மனமில்லாதது போலவும் இருந்தது. "எடுடா ஹராங்குட்டி!" என்று கத்தி நான்தான் இழுத்தேன். தோல் சிவந்து ஆவி பறந்தது. அவன் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், வேறு யாருடையதையோ பார்ப்பவன்போல.

மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டித் தண்ணீர் ஊற்றினோம். முளைகளில் பாதி பழுப்பு. வேறு விதைநெல் கையில் இல்லை. வாய்க்காலில் எங்கள் முறைத் தண்ணீர் மறுநாள் வரும், அதைத் தவறவிட்டால் அந்தப் போகமே போச்சு. தம்பி ஈர நெல்லுக்கு நடுவே குந்தியிருந்து என்னை அண்ணாந்து பார்த்தான்.

"முடிஞ்சுதா ராத்தா?"

அந்தக் கேள்வியை என்னால் பொறுக்க முடியவில்லை. "முடியல்ல. சூடு மெல்ல மெல்ல ஏறி இரிக்கி. மெல்லச் சுட்டதுக்குத் தாங்குற பலம் வரும்" என்றேன். இரண்டு தட்டுக் கதையைச் சொன்னேன். காவல்காரர்களைச் சொன்னேன், அறுந்த வலையையும் அறாத வலையையும் சொன்னேன். பள்ளியில் விஞ்ஞான பாடம் என்றால் மதில் ஏறிக் குதித்தவன், அன்று வாய் திறந்தபடி கேட்டான்.

"அப்ப, ஒருக்காச் சுட்டு எழும்பினது அடுத்த சூட்டுக்குச் சாகாது?"

"ஓம்" என்றேன்.

மறுநாள் நாவிதன்வெளிப் பக்கத்து வயலில் அதே நெல்லை விதைத்தான். நாலாம் நாள், வழக்கத்துக்கு முந்தியே கச்சான் காற்று எழும்பிவிட்டது. மேற்கிலிருந்து வரும் அந்தக் காய்ந்த காற்றுக்கு உதடு வெடிக்கும். வயலில் நின்ற தண்ணீரே காலைச் சுட்டது. பக்கத்து வயல்களில் இளம் முளைகள் கருகின. எங்களுடைய அவிந்த விதை, பார்த்தவர்கள் எல்லாம் கைவிரித்த விதை, அங்குமிங்குமாகப் பொத்தல் விழுந்தாலும் எழும்பி நின்றது. ஆட்கள் வரப்பில் வந்து வேடிக்கை பார்த்தார்கள். "என்ன ஓதி விதைச்சீங்க?" என்று ஒருவர் தம்பியிடம் கேட்டே விட்டார்.

சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் வரப்பில் கால் வைத்ததும் எனக்கு அந்தத் திங்கட்கிழமைக் கதவு நினைவுக்கு வந்தது. கருகிய வயல்களுக்கு நடுவே எங்கள் துண்டு மட்டும் ஒரு மாதிரியான பச்சையில் நின்றது. அதற்குள் தம்பி நின்றான், நடுப்பகலில், தலையில் ஒரு துணிகூட இல்லாமல். நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை. என்னைக் கண்டு சிரித்தான். நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கரைக்கு வரச் சொன்னேன், அவன் வர வெகுநேரமானது.

அதன்பிறகு நெல் அப்படியே நின்றது. மற்றவர்கள் திரும்ப விதைத்த வயல்கள் முழங்காலைத் தாண்டியபோதும் எங்களுடையது கணுக்காலில் நின்றது. நான் சொல்லாமல் வைத்த மறுபாதி இதுதான். காவல்காரர்களைச் செய்யும் கலம் மற்ற வேலைகளைக் கைவிட்டுவிடும். கள்ளன் பயத்தில் வீட்டிலுள்ள எல்லாரும் வாசலில் நின்றால் உலை வைப்பது யார்? அந்தக் காவலும் சில நாள்தான், பிறகு கரைந்துபோகும். திரும்பத் திரும்பச் சுட்டால் காவல்காரர்களும் அலுத்துவிடுவார்கள், கலம் உள்ளிருந்தே தன்னை முடித்துக்கொள்ளும். எங்கள் நெல் பூக்கிற நேரம் கச்சான் இன்னொரு முறை வந்தது. முதல் சூட்டைத் தாங்கியதால் அதற்கு ஒரு பலனும் கிடைக்கவில்லை. அறுவடையில் கைக்கு வந்தது பெரும்பாலும் பதர்.

தம்பி ஸலாம் சொல்லிப் பயணம் போக வந்த அன்று, குசினிக்குள் வைத்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் அண்டைக்கு முழுசும் சொல்லல்லடா தம்பி. அந்தக் காவல் கொஞ்ச நாளையில போயிரும். நெல்லப் பாத்தாய்தானே? பூக்கக்குள்ள தாங்க ஏலாமப் போச்சி. உனக்கும் அப்படித்தான். போகாத."

சிரித்தான். "நான் அங்க ஒருக்கா விழுந்து எழும்பினவன் ராத்தா. உங்களுக்குத் தெரியும் எண்டும் எனக்குத் தெரியும். இனி ஒண்டும் செய்யாது. நீங்கதானே ஓம் எண்டீங்க."

கேற்றுவரை அவன் கையை விடாமல் நடந்தேன்.

அவன் போன பிறகு ஒவ்வொரு நாளும் அவனுக்கு நடுப்பகலாகும் நேரம் பார்த்து ஒரே கேள்வியை அனுப்புவேன்: வேர்த்துதா? குரல் பதிவில் பதில் வரும். "இல்ல ராத்தா. இஞ்ச சூடே இல்ல." பின்னால் இரும்பு மோதும் சத்தமும் காற்றின் இரைச்சலும் கேட்கும். குரல் மட்டும் ஃபேனுக்குக் கீழே படுத்துக்கொண்டு கதைக்கிறவனுடையதுபோல இருக்கும். மாதக்கணக்காக அதே பதில். நான் என் பிளேட்டுக்குக் கீழே உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பக் கேட்பேன்.

மறு வருடம் ஆடி மாதம். ஆய்வுகூடத்தில் ஒரு தட்டைத் தொட்டியில் இறக்கப் போகும்போது அவனுடைய குரல் பதிவு வந்தது. ஒரு கையால் போனைத் தட்டிவிட்டுக் காதில் வைத்தேன். முதலில் காற்று மட்டும். வெகுநேரம் காற்று. போனை வைக்கப்போன நேரம், காதுக்குள் வாயை வைத்துச் சொன்னதுபோல அவன் குரல் வந்தது.

"ராத்தா, இஞ்ச குளிருது."

தட்டு கையிலிருந்து விழுந்ததை நான் கவனிக்கவில்லை. மருதமுனைக்காரர் அப்போது திரும்ப அங்கேதான் இருந்தார். அவர் போனை எடுத்ததும் ஸலாம்கூடச் சொல்லாமல் கத்தினேன். "காக்கா, தம்பி குளிருது எண்டுறான். தேடிப் புடிச்சித் தண்ணிக்க போடுங்க. நிழல் காணாது, தண்ணிக்க! இப்பவே!"

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. சுவரொன்றுக்குப் பின்னால், இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, வெயிலைப் பார்த்தபடி தம்பி நின்றிருக்கிறான். நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்களாம். தொட்டித் தண்ணீர் அவன் மேலில் பட்டதும் அவன் அலறிய அலறலைப் போனில் நான் கேட்டேன். உயிர் இருக்கிறது என்று அதில்தான் தெரிந்துகொண்டேன்.

வந்துவிட்டான். சிறுநீரகம் பழுதாகிவிட்டது, மருந்தும் கிளினிக்குமாக ஓடுகிறது. மாமரத்து நிழலில்தான் இருக்கிறான், ஏனென்றால் நான் ஏசுவேன். அங்கேயும் தோளில் சாரனைப் போர்த்திக்கொண்டு சில வேளை நடுங்குவான். அப்போது யாரும் கிட்டப் போகமாட்டார்கள், அவன் மகள்கூட. நான் போய் உட்கார்ந்துகொள்வேன்.

அந்த மாரிப்போகத்துக்கு மறுபடி என் வளவில் விதைநெல் மூட்டை கட்டினோம். விதைக்கப் போவது என் கணவர். சூடு பார்க்கும் நேரம் தம்பி சாரனைப் போர்த்தியபடியே மூட்டைக்குக் கிட்ட வந்து நின்றான். கணவர் கையை நீட்டினார், தம்பி தடுத்தான்.

"பொறுங்க மச்சான். ராத்தா, நீங்க கையப் போடுங்க."

"விதைக்கிற ஆள்ர கைதானேடா போகணும்? வாப்பா சொன்னதல்லவா?"

"வாப்பாட மகள்ர கையும் வாப்பாட கைதான். போடுங்க."

பிஸ்மி சொல்லிக் கையை விட்டேன். முழங்கைவரை போயும் ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருடம் வெந்நீர்த் தொட்டியில் அளைந்த கை. எனக்கும் அப்படி ஆகிவிட்டதா? இன்னும் உள்ளே தள்ளினேன். அங்கே, மூட்டையின் நடுவில், நெல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. விரல் ஒவ்வொன்றிலும் சூடு ஏறியது.

தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "சுடுதா ராத்தா?"

"ஓம்" என்றேன். கண்ணீர் வந்துவிட்டது. "சுடுதுடா."

அவன் சாரனைத் தோளிலிருந்து எடுத்து மதிலில் போட்டுவிட்டு, தண்ணீர் தெளிக்க வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனான்.